எட்டு அங்குலக் கணக்கு: வேலையில் கை போனால் இழப்பீட்டை எப்படி அளக்கிறார்கள்?

20.32 சென்டிமீட்டர். தோள்பட்டையின் முனை எலும்பில் அளவு நாடாவின் ஒரு நுனியை வைக்கிறார்கள். கை எங்கே முடிகிறதோ அதுவரை இழுக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் கை இந்த நீளத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தத் தொழிலாளியின் சம்பாதிக்கும் திறனில் 80 சதவீதம் போய்விட்டது என்று கணக்கு. நாடா 20.32-ஐத் தொட்டுவிட்டால் 70 சதவீதம்தான். இந்தியாவில் 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு, இப்படித்தான் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பட்டியல் தொடர்கிறது.

இரண்டு தசம இடம்வரை போகும் இந்த எண்ணைப் பார்த்தால் ஏதோ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எல்லைபோலத் தோன்றும். 2.54-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 8 வரும். எட்டு அங்குலம், அவ்வளவுதான். அதே அட்டவணையில் முழங்கை முனைக்குக் கீழே வரும் 11.43 என்பது நாலரை அங்குலம். முழங்காலுக்குக் கீழே வரும் 8.89 என்பது மூன்றரை அங்குலம். அங்குலத்தில் யோசித்தவர்கள் மனித உடம்பின்மேல் போட்ட கோடுகள் இவை. அளவுமுறை மாறியபோது எண்ணை மாற்றினார்கள், கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்கையில் எட்டு அங்குலத்தில் தொடங்கி முழங்கைக்குக் கீழே நாலரை அங்குலம்வரை, எங்கே வெட்டுப்பட்டாலும் 70 சதவீதம். அதாவது முழங்கை மூட்டையே இழந்தவருக்கும், முழங்கை நன்றாக மடங்கி நீள்கிறவருக்கும் ஒரே கணக்கு. செயற்கைக் கை பொருத்துகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், முழங்கை இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்வார்கள். சொந்த மூட்டு இருந்தால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியும். இல்லாவிட்டால் அந்த அசைவுக்கும் ஒரு கருவி வேண்டும்.

வேலையிடத்தில் விரலோ கையோ காலோ போனவர்களுக்கு இழப்பீடு எப்படி முடிவாகிறது என்று கேட்டால், பெரும்பாலான நாடுகளில் பதில் இப்படியொரு பட்டியலில்தான் தொடங்குகிறது. பட்டியல் என்ன செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உறுப்புக்கு விலை போடும் பழக்கம் தொழிற்சாலையைவிட மிகப் பழையது. கி.பி. 600-ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஏத்தல்பெர்ட் மன்னனின் சட்டத்தில், ஒருவர் இன்னொருவரின் கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங் தர வேண்டும். நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டுவிரலுக்கு 11. சுண்டுவிரலுக்கு ஏன் இவ்வளவு என்று இன்றைக்கு நமக்கு ஆச்சரியமாக இருக்கும். சுத்தியலோ மண்வெட்டியோ பிடிக்கிறவருக்கு ஆச்சரியம் இருக்காது. இறுக்கிப் பிடிக்கும் பலத்தில் கணிசமான பங்கு கையின் அந்த ஓரத்து இரண்டு விரல்களிலிருந்து வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் கொள்ளையடித்தவர்களிடம்கூட ஓர் ஒப்பந்தம் இருந்தது. வலது கை போனால் 600 வெள்ளி நாணயம், இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, கண்ணுக்கும் விரலுக்கும் தலா 100. கொள்ளைப் பணத்தைப் பங்கு பிரிக்கும் முன்பே இதை எடுத்து வைத்துவிட வேண்டும். வலதுக்கும் இடதுக்கும் வேறுபாடு பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் இன்றைய பட்டியலிலோ, மேலே சொன்ன இந்திய அட்டவணையிலோ அந்த வேறுபாடு இல்லை.

நடுவில் ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு இந்தப் பட்டியல்கூடக் கிடையாது.

1837-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஃபார்வெல் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். நாளுக்கு 2 டாலர் சம்பளம். அதே கம்பெனியின் இன்னொரு ஊழியர் தண்டவாளத்தைச் சரியாகத் திருப்பிவிடாததால் எஞ்சின் தடம் புரண்டது. கீழே விழுந்த ஃபார்வெல்லின் வலது கைமேல் சக்கரம் ஏறியது. கை நசுங்கிப் போனது. வழக்குப் போட்டார். 1842-ல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா தீர்ப்பு சொன்னார்: ஆபத்தான வேலை என்று தெரிந்துதான் சேர்ந்தார், அந்த ஆபத்துக்கான விலை சம்பளத்திலேயே அடங்கியிருக்கிறது, சக ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பில்லை. நீதிமன்றத்தில் அவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. இந்த வாதத்தைத்தான் அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "உன் கவனக்குறைவு", "உன் சகாவின் கவனக்குறைவு", "தெரிந்துதானே வந்தாய்" என்ற மூன்று வாசல்களையும் தாண்டி முதலாளியின் தவற்றை நிரூபித்தவர்களுக்கு மட்டுமே பணம் கிடைத்தது. ஒரு கையை இழந்து, சம்பளமும் நின்றுபோன ஒருவர் இதையெல்லாம் எப்படித் தாண்டுவார்?

இதை முதலில் உடைத்தது ஜெர்மனி. அந்நாட்டின் சான்சலர் பிஸ்மார்க் காலத்தில் 1884 ஜூலையில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. யார் தவறு என்ற கேள்வியே இல்லை. முதல் 13 வாரம் நோய்க் காப்பீட்டு நிதியிலிருந்து, அதற்குப் பிறகு முதலாளிகள் மட்டுமே பணம் போடும் காப்பீட்டு நிதியிலிருந்து. வேலை செய்யும் திறன் முழுதாகப் போனால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியம். பிரிட்டன் 1897-ல் அதே வழிக்கு வந்தது. அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக வந்தது. 1911 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டத்தைச் செல்லாது என்றது. மறுநாள் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசியல் சட்டத்தையே திருத்திச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்த மாநிலம் மிசிசிப்பி, 1948-ல்.

இந்தச் சட்டங்கள் எல்லாமே ஒரு பேரம். தொழிலாளிக்கு, யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம், பணம் நிச்சயம். பதிலுக்கு முதலாளிமேல் பெரிய தொகை கேட்டு வழக்குப் போடும் உரிமையைப் பல நாடுகளில் அவர் விட்டுக்கொடுக்கிறார். வலிக்கு, அவமானத்துக்கு, பிள்ளையைத் தூக்க முடியாமல் போனதற்கு என்று தனியாகக் கேட்க முடியாது. பெரும்பாலும் வருமான இழப்பு மட்டும்தான் கணக்கு. அதையும் தனித்தனியாக விசாரித்தால் காலம் ஆகும், சண்டை வரும் என்பதால்தான் பட்டியல். வேகம்தான் பட்டியலின் நியாயம். அது சின்ன விஷயமில்லை, ஃபார்வெல்லுக்கு அது கிடைத்திருந்தால் ஐந்து ஆண்டு அலைந்திருக்க மாட்டார்.

சரி, இன்றைக்கு நடைமுறை எப்படி? விபத்து நடந்த நாளிலிருந்து மருத்துவச் செலவு ஒரு கணக்கு. புண் ஆறி வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு இன்னொரு கணக்கு. "இனி இதற்குமேல் தேறாது" என்று டாக்டர் சொல்லும் நாள் வந்ததும் நிரந்தர இழப்பைக் கணக்குப் போடுவார்கள். அங்கேதான் பட்டியல் வருகிறது. நாடுகள் அதை இரண்டு மாதிரி எழுதுகின்றன. சிலர் சதவீதத்தில் எழுதுகிறார்கள். இந்திய அட்டவணையில் கட்டைவிரல் முழுதாகப் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7, மணிக்கட்டுக்குக் கீழுள்ள முழுக் கைப்பகுதி 60. சிலர் வாரங்களில் எழுதுகிறார்கள். நியூயார்க்கில் சுண்டுவிரலுக்கு 15 வாரம், ஆள்காட்டிக்கு 46, கட்டைவிரலுக்கு 75, மணிக்கட்டோடு போனால் 244, முழுக் கைக்கு 312. அந்த 312-ஐ 52-ஆல் வகுத்தால் 6. ஒரு கையின் மதிப்பு ஆறு வருடச் சம்பளத்தின் ஒரு பங்கு. கை போனவருக்கு 25 வயது என்றால் அவர் முன்னால் இன்னும் முப்பத்தைந்து ஆண்டு வேலைக்காலம் இருக்கிறது.

வாரத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. வாரத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று தனியாக ஓர் உச்சவரம்பு இருக்கும். அமெரிக்காவில் அலபாமாவில் கைக்கு 222 வாரம், பக்கத்து ஜார்ஜியாவில் 225. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அலபாமாவில் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு வாரத்துக்கு 220 டாலருக்கு மேல் கிடையாது என்ற வரம்பு பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கிறது. விலைவாசி ஏற ஏற, அதே கையின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும், சதவீதத்தைக் கேட்ட கையோடு "எந்தச் சம்பளத்தின்மேல் சதவீதம்? வரம்பு எவ்வளவு?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

விரல் நுனிக்கு வருவோம், ஏனென்றால் உறுப்பிழப்பில் நிறைய நடப்பது அங்கேதான். பிரஸ் மிஷின் இறங்கும் இடத்தில் தகட்டைச் சரிசெய்யப் போன விரல், கன்வேயர் பெல்ட்டின் உருளைக்குள் சிக்கிய கையுறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே துடைக்கப் போன ரம்பம். இந்திய அட்டவணையில் ஆள்காட்டி விரலின் நுனி எலும்பு போகாமல் வெட்டுப்பட்டால் 5 சதவீதம். ஒரு கணு எலும்போடு போனால் 9. எக்ஸ்ரேயில் எலும்பின் முனை முழுதாகத் தெரிகிறதா இல்லையா என்பதுதான் முடிவு செய்கிறது. ஆனால் தொடுவுணர்வு விரல் நுனியின் சதையில்தான் செறிந்திருக்கிறது. நூலைக் கோர்க்கிறவர், சின்னத் திருகாணியைத் தடவியே கண்டுபிடிக்கிறவர், துணியின் நெசவை விரலால் பார்க்கிறவர், இவர்களுக்கெல்லாம் அந்தச் சதைதான் தொழில். எலும்பு இருக்கிறது என்பதற்காக அவர்கள் இழப்பைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நுனி போன விரல் குளிரில் தாங்க முடியாமல் வலிக்கும் என்பதும் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பட்டியலில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவில் 2015 ஜனவரி முதல் வேலையிடத்து உறுப்பிழப்பை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எலும்பு போகாத விரல் நுனியும் அதில் அடக்கம்.

உடம்பில் போனது எவ்வளவு என்பதும் பிழைப்பில் போனது எவ்வளவு என்பதும் வேறு வேறு கேள்விகள். பட்டியல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, அதுவே இரண்டாவதற்கும் பதில் என்று நிற்கிறது. அப்படி நிற்க விடாத ஒரு வழக்கு இந்தியாவில் உண்டு.

1968 ஜூலை 6. கட்டிக்கொண்டிருந்த ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி தரப்பு சொன்னது: இது அட்டவணையின் இரண்டாம் பகுதியில் மூன்றாவதாக வரும் காயம், பகுதி ஊனம்தான். அதாவது, முதலில் பார்த்தோமே, அந்த 70 சதவீதக் கோடு. இழப்பீட்டு ஆணையர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தச்சரின் வேலையை நினைத்துப் பாருங்கள். வலது கை சுத்தியலை ஓங்கும், ஆணியைப் பிடித்திருப்பது இடது கை. வலது கை இழைப்புளியைத் தள்ளும், பலகையை அழுத்திப் பிடிப்பது இடது கை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்றார் ஆணையர். உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டத்தில் முழு ஊனம் என்பதற்கு உள்ள விளக்கமே, விபத்து நடந்த நேரத்தில் அவர் செய்யக்கூடியவராக இருந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போவது என்பதுதான். 2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கில் அதே நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதம் என்று வரலாம், ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 ஆகலாம், அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம்.

அதனால் டாக்டர் சான்றிதழில் எழுதும் சதவீதத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. விபத்துக்கு முன் கை என்னென்ன செய்தது என்பதை ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். எந்தக் கருவியை எந்தக் கையால் பிடித்தீர்கள், எவ்வளவு எடை தூக்கினீர்கள், ஏணியில் ஏறினீர்களா, எந்தக் கை பழக்கக் கை. உடன் வேலை செய்தவர் இதைச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. பல நாடுகளில் இந்த விவரம்தான் பட்டியலைத் தாண்ட உதவும் ஒரே வழி.

அப்புறம், சீக்கிரம் முடித்துக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உறுப்பிழப்பு கண்ணுக்குத் தெரிகிற காயம். முதுகுவலிபோல வாதாட வேண்டியதில்லை. அதனால் "எல்லாம் தெரிந்துவிட்டது, மொத்தத் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மூன்றாவது மாதமே செட்டில்மெண்ட் தாளை நீட்டுவார்கள். ஆனால் முதல் வருடத்தில் மிச்சக் கையோ காலோ சுருங்கிக்கொண்டே வரும். அளவெடுத்துச் செய்த சாக்கெட் (மிச்ச உறுப்பை உள்ளே நுழைத்து மாட்டும் செயற்கை உறுப்பின் கிண்ணம்) தளர்ந்து உரசிப் புண்ணாகும், மறுபடி மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். வெட்டுப்பட்ட நரம்பின் முனை சில பேருக்குக் கட்டிபோல வளர்ந்து, தொட்டாலே மின்சாரம் பாய்வதுபோல வலிக்கும். அதற்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை. இல்லாத கை வலிக்கும். விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல இருக்கும், திறக்க முடியாது, திறப்பதற்கு அங்கே கையே இல்லை. சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-லேயே இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் வைத்தார். 1990-களில் வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் ஆய்வாளர், நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி மூளையைச் சமாதானப்படுத்தும் பெட்டியைச் செய்து காட்டினார். இந்த வலி நிஜம், சிகிச்சைக்குச் செலவும் நிஜம். மொத்தத் தொகை வாங்கிக் கணக்கை மூடிய பிறகு இது வந்தால் யார் கட்டுவது?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதை 1925-லேயே யோசித்திருக்கிறது. அந்த ஆண்டின் 17-ஆம் ஒப்பந்தம் நிரந்தர ஊனத்துக்கு இழப்பீட்டைத் தவணையாகத் தர வேண்டும் என்கிறது. மொத்தமாகத் தரலாம், ஆனால் அது சரியாகப் பயன்படும் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால்தான். செயற்கை உறுப்பைத் தருவதும், தேய்ந்தால் புதுப்பித்துத் தருவதும் இழப்பீட்டின் பகுதி என்கிறது. புதுப்பித்தல் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். செயற்கைக் கால் ஆயுளுக்கும் வராது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செட்டில்மெண்ட் தாளில் எதிர்கால மருத்துவமும் செயற்கை உறுப்பும் விட்டுக்கொடுக்கப்படுகிறதா என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துண்டான பகுதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். சதை நேரடியாக ஐஸில் படக் கூடாது, உறைந்து கெட்டுவிடும். தசை அதிகமுள்ள கை காலுக்கு நேரம் மிகக் குறைவு, விரலுக்குக் கொஞ்சம் கூடுதல். 1963 ஜனவரியில் ஷாங்காயில் உலோக மிஷினில் முற்றிலும் துண்டான ஓர் ஆலைத் தொழிலாளியின் கையை சென் சோங்வெய் குழுவினர் திரும்பப் பொருத்தினார்கள். 1965-ல் ஜப்பானில் துண்டான கட்டைவிரலையே ஒட்டவைத்தார்கள். ஒட்டவைத்த விரல் பழையபடி வேலை செய்யாவிட்டால் அதற்கும் இழப்பீடு உண்டு. இந்திய அட்டவணையின் குறிப்பே, ஓர் உறுப்பின் பயன்பாடு நிரந்தரமாக முழுதும் போனால் அதை அந்த உறுப்பே போனதாகக் கருத வேண்டும் என்கிறது.

"மிஷின் காவலை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை) நீதான் கழற்றினாய்" என்று சொல்லிவிட்டால் பலர் பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சாதாரண கவனக்குறைவு இந்தச் சட்டங்களில் உரிமையை அழிக்காது, அதற்காகத்தான் இவை வந்தன. வேண்டுமென்றே காவலைக் கழற்றினால் சில நாடுகளில் பாதிப்பு உண்டு. இந்தியச் சட்டத்தில் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த வாதமும் எடுபடாது. காவலைக் கழற்றச் சொன்னது யார், எத்தனை நாளாக அது கழன்று கிடந்தது, உற்பத்தி இலக்கு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். மிஷினின் வடிவமைப்பிலேயே குறை இருந்தால் அதைத் தயாரித்தவர்மேல் தனி வழக்குப் போடப் பல நாடுகளில் வழி உண்டு. முதலாளிமேல் வழக்குப் போட முடியாது என்ற பேரம் அவருக்குப் பொருந்தாது. நடுவில் கான்ட்ராக்டர் இருக்கிறார் என்பதாலேயே உரிமை போய்விடாது, வேலை யாருக்காக நடந்ததோ அவர்மேலும் பல சட்டங்கள் பொறுப்பை வைக்கின்றன.

அந்தத் தச்சரின் வழக்கில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பணம் எந்தத் தேதியிலிருந்து பாக்கி? ஆணையர் தொகையை முடிவு செய்த நாளிலிருந்துதான் என்றார் முதலாளி. இல்லை, காயம் பட்ட நாளிலிருந்தே அது பாக்கி, காலம் தாழ்த்தியதற்கு வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 1975 டிசம்பரில். அவர் விழுந்து கிட்டத்தட்ட ஏழு ஆண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.